பதினேழாம் எண் வால்வு எளிமையான கதை

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற சாலையில், மருந்துக் கடைக்கும் சைக்கிள் நிறுத்துமிடத்துக்கும் நடுவே, நடைபாதையில் ஓர் இரும்பு மூடி. அதைத் தூக்கினால் இடுப்பளவு குழி. குழிக்குள் குடிநீர் வாரியத்தின் பதினேழாம் எண் வால்வு. வால்வு என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. குழாயில் ஓடும் தண்ணீருக்கு ஒரு கதவு. சக்கரத்தை இந்தப் பக்கம் சுற்றினால் திறக்கும், அந்தப் பக்கம் சுற்றினால் மூடும். வாரியம் அதை அத்தனை லேசாக விட்டுவிடவில்லை.

தண்ணீரின் அழுத்தத்தைப் பார்க்க ஒரு சென்சார், அதற்கு ஒரு பெட்டி, பெட்டியைத் தாங்க ஓர் இரும்புக் கை, கையை முடுக்க வால்வின் உடம்பில் ஒரு துளை. கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்க்க இன்னொரு சென்சார், இன்னொரு பெட்டி, இன்னொரு துளை. இரண்டு துளைகளிலும் தண்ணீர் கசிந்ததால், கசிவைக் கண்டுபிடிக்க மூன்றாவதாக ஒரு சென்சார் வைத்தார்கள். அதன் துளையிலும் கசிந்தது. அந்தக் கசிவை அது கச்சிதமாகக் கண்டுபிடித்து மணிக்கு ஒரு தடவை தலைமை அலுவலகத்துக்குத் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தது. வாரியத்திலேயே ஒழுங்காக வேலை பார்ப்பது அது ஒன்றுதான் என்று பேசிக்கொள்வார்கள்.

அந்தக் குழிக்குப் பொறுப்பு சொட்டு. பெற்றோர் வைத்த பேர் வேறு. இருபத்திரண்டு வருஷமாக வாரியத்தில் ஃபிட்டராக இருப்பவருக்கு, உடன் வேலை பார்ப்பவர்கள் வைத்த பேர் அது. குழாயில் காதை வைத்தால் எங்கே ஒழுகுகிறது, நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு என்று சொல்லிவிடுவார். அதிர்ந்து பேசத் தெரியாது. யாராவது அதிகாரி எதிரே வந்தால், கையில் எண்ணெய் இல்லாவிட்டாலும் சட்டையில் துடைத்துக்கொள்வார்.

அவர் மனைவி அதே ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் வார்டு நர்ஸ். வார்டில் எட்டு மெஷின். எட்டுக்கும் தண்ணீர் பதினேழாம் எண் வால்வு வழியாகத்தான் போக வேண்டும். அழுத்தம் குறைந்தால் மெஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கத்திவிட்டு நின்றுவிடும்.

"இன்னைக்கு நாலு பேரைத் திருப்பி அனுப்பினோம்" என்றாள் ஒரு சாயங்காலம், செருப்பைக் கழற்றும்போதே. "அதுல ஒருத்தர் ரிட்டயர்டு வாத்தியார். மூணு பஸ் மாறி வந்தவர். நாளைக்கு வாங்க சார்னு சொன்னா, நாளைக்கு இருந்தா வரேம்மான்னு சிரிக்கிறார். உங்க வால்வு என்னதாங்க பண்ணுது?"

"தகவல் அனுப்புது."

"தண்ணி?"

"அது வெளிய போகுது."

அவள் முகம் கழுவப் போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது சொட்டுக்கு.

வால்வின் அடிவயிற்றில் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு பித்தளை மூடி உண்டு. வால்வு பிறந்த நாளிலிருந்து இருப்பது. உள்ளே சேறு தங்கினால் கழற்றி வெளியே விடுவதற்கு. மறுநாள் சொட்டு அதைக் கழற்றி, பட்டறை லேத்தில் உள்பக்கம் குடைந்து, சட்டைப் பொத்தான் அளவே இருந்த அழுத்த சென்சாரை அதற்குள் உட்காரவைத்தார். கதவு திறப்பைப் பார்க்கும் சென்சார் கைச்சக்கரத்தின் நடுக் குமிழுக்குள் போனது. மூடியும் சக்கரமும் ஏற்கெனவே இருந்த சாமான்கள். புதிதாக ஒரு துளையும் இல்லை. பழைய துளைகள் மூன்றையும் அடைத்தார். பெட்டி, கை, வளையம், ஆணி என்று நாற்பத்து மூன்று உருப்படிகள் மிஞ்சின. ஒரு சாக்கில் கட்டிப் பட்டறை மூலையில் வைத்தார். கசிவில்லாததால் கசிவு சென்சாரும் அதே சாக்குக்குப் போனது. ஒரு மத்தியான வேலை.

அதற்கப்புறம் நாலு மாதம் பதினேழாம் எண் வால்வு ஒரு சொட்டுகூட விடவில்லை. எட்டு மெஷினும் ஓடின. வாத்தியார் வாரத்துக்கு மூன்று தடவை வந்து, நர்சுகளின் குறிப்பேட்டில் எழுத்துப்பிழை கண்டுபிடித்துச் சந்தோஷமாக இருந்தார்.

ஐந்தாவது மாதம் சொட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. 'மேற்படி வால்விலிருந்து கடந்த நான்கு மாதங்களாகக் கசிவு எதுவும் வரப்பெறவில்லை. இதனால் கசிவுப் பிரிவின் ஒன்பது ஊழியர்கள் பணியின்றி உள்ளனர். தாங்கள் ஏன் கசிவை நிறுத்தினீர்கள் என்பதற்கு நேரில் விளக்கம் அளிக்கவும்.'

விளக்கம் அளிக்க வேண்டிய இடம் எளிமைப்படுத்தல் பிரிவு. தலைமை அலுவலகத்தில் நாலாம் மாடி, ஐந்தாம் மாடி, ஆறாம் மாடியில் பாதி என்று பரவியிருந்தது. நாலாம் மாடியிலிருந்து ஐந்துக்கு நேராகப் போக முடியாது. ஆறுக்குப் போய் அனுமதி வாங்கிக்கொண்டு இறங்க வேண்டும். சொட்டு இரண்டு தடவை ஏறி மூன்று தடவை இறங்கினார். கணக்கு எப்படி உதைத்தது என்று அவருக்கே தெரியவில்லை. கடைசியில் எளிமை இயக்குநரின் அறைக்கு வந்து சேர்ந்தார்.

இயக்குநர் பித்தளை மூடியின் படத்தை வெகுநேரம் பார்த்தார். திட்டு விழப்போகிறது என்று சொட்டு கையைத் துடைத்துக்கொண்டார். ஆனால் இயக்குநரின் கண் கலங்கியிருந்தது.

"பதினோரு வருஷமா இந்தப் பிரிவு எளிமையைத் தேடுது" என்றார். "முதல் மூணு வருஷம் எளிமைன்னா என்னன்னு வரையறை பண்ணினோம். நாலு தொகுதி வந்துச்சு. ரொம்ப நீளமா இருக்குன்னு மேலிடத்துல சொன்னாங்க. அஞ்சு வருஷம் உக்காந்து சுருக்கினோம். இப்ப ஆறு தொகுதி. இருநூறு பேர் ராப்பகலா உழைச்சும் கிடைக்காத எளிமையை, நீங்க ஒரு குழிக்குள்ள கண்டுபிடிச்சிருக்கீங்க. இதை நாங்க அப்படியே விட்டுடுவோம்னு நினைக்காதீங்க."

"அப்படியே விட்டுட்டா நல்லதுங்க" என்றார் சொட்டு.

"அதெப்படி விட முடியும்? எளிமை ரொம்ப மென்மையான விஷயம். தனியா விட்டா கெட்டுப்போயிடும். அதைச் சுத்தி நாம ஏதாவது கட்டணும்."

முதல் வேலையாக மூடிக்கு எண் கொடுக்க வேண்டும். அதற்காகச் சொட்டு தரைத்தளத்திலிருந்த ஸ்டோருக்கு அனுப்பப்பட்டார். ஸ்டோர்க்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மூடியின் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கெட்ட மனுஷர் இல்லை. பதிவேட்டில் இருப்பது உலகத்தில் இருக்கிறது, பதிவேட்டில் இல்லாதது இல்லை, அவ்வளவுதான் அவர் கட்சி.

"இது மூடியா, சென்சாரா?"

"ரெண்டும்தாங்க."

"ரெண்டும்னு என்கிட்ட ஒரு பதிவேடு இல்லையே. மூடின்னா பச்சை. கருவின்னா சிவப்பு. ஒரே பொருளை ரெண்டுல எழுதினா, ரெண்டு பொருள் இருக்குன்னு ஆயிடும். தணிக்கைக்கு வர்றவன் இன்னொண்ணு எங்கன்னு கேட்டா, நான் எதைக் காட்டுறது?"

ஆகவே குழு போட்டார்கள்.

குழு ஆறு வாரம் கூடியது. ஒவ்வொரு பிரிவும் எளிமைக்குத் தன் பங்கைக் கொடுத்தது. சென்சார் என்றால் பெட்டிக்குள் இருக்க வேண்டும் என்பது விதி என்று இயந்திரப் பிரிவு சொன்னதால், மூடிக்கு வெளியே ஒரு பெட்டி வைத்தார்கள். பெட்டிக்குக் கை வேண்டும். கைக்குத் துளை வேண்டும். கைச்சக்கரத்துக்குள் இருக்கிற சென்சாருக்குச் சூடேறுமோ என்று மின்பிரிவு கவலைப்பட்டதால், அதன் சூட்டைப் பார்க்க ஒரு சென்சார் வந்தது. இத்தனை எளிமையாக இருந்தால் போகிற வருகிறவனெல்லாம் திறந்துவிடுவானே என்று பாதுகாப்புப் பிரிவு ஒரு பூட்டும், பூட்டு பூட்டியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சென்சாரும் போட்டது. கசிவுப் பிரிவின் ஒன்பது பேர், வெகு காலத்துக்குப் பிறகு புதுத் துணி உடுத்தியவர்களைப் போல முகம் மலர, தங்கள் பழைய சென்சாரைச் சாக்கிலிருந்து எடுத்துத் துடைத்து மாட்டினார்கள். எல்லாவற்றின் பேருக்கும் முன்னால் 'ஒருங்கிணைந்த' என்று சேர்க்கப்பட்டது. ஒருங்கிணைந்த பெட்டி, ஒருங்கிணைந்த கை, ஒருங்கிணைந்த துளை.

நாற்பத்து மூன்று உருப்படிகளைக் கழித்துவிட்டு வந்த வால்வில் இப்போது நூற்றுப் பதினெட்டு இருந்தன. குழி போதவில்லை. வெட்டிப் பெரிதாக்கினார்கள். மருந்துக் கடையின் இரண்டு படிகள் போயின. மேலே ஒரு தகரக் கொட்டகை எழும்பியது. 'எளிமை இங்கே தொடங்குகிறது' என்று அதன் நெற்றியில் விளக்கு எரியும் பலகை. பலகைக்குப் போகும் மின்கம்பி தண்ணீரில் நனையாமல் இருக்க, அடியில் ஒரு தகடு வைக்க நேர்ந்தது. அது நூற்றுப் பத்தொன்பதாவது. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று பெருந்தன்மையாகத் தீர்மானித்தார்கள்.

திறப்பு விழா அன்று மத்தியானமே தண்ணீர் கொட்டகை வாசல் வழியாக வெளியே வந்தது.

"ஆறு பேர்" என்றாள் மனைவி, அந்த வாரக் கடைசியில். இந்தத் தடவை செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்றாள். "வாத்தியாருக்கு ரெண்டு முறை தள்ளிப்போச்சு. இன்னைக்குத் தள்ளுவண்டியில கொண்டு வந்தாங்க. முகமெல்லாம் வீங்கி, என்னை அடையாளம் தெரியலை. எழுத்துப்பிழை பார்க்கலையா சார்னு குறிப்பேட்டை நீட்டினேன். தலைகீழா பிடிச்சுப் பார்த்துட்டு, நல்லாருக்குன்னு சொன்னார்."

சொட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மறுநாள் ஆய்வுக் கூட்டம். நீளமான மேஜை. இந்த முனையில் பேசினால் அந்த முனைக்குக் கேட்காது, அதனால் ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். கசிவுக்குக் காரணம் எளிமை போதாததுதான் என்றும், இன்னும் முப்பது உருப்படி சேர்த்தால் சரியாகும் என்றும் ஒரு நிபுணர் படம் போட்டுக் காட்டினார். கடைசி நாற்காலியில் இருந்த சொட்டு எழுந்து நின்றார். அவர் வாழ்க்கையில் கூட்டத்தில் எழுந்தது அதுதான் முதல் தடவை.

"ஐயா, ஒரு பெட்டியும் வேண்டாங்க. எல்லாத்தையும் கழட்டிடுங்க. அங்க ஆஸ்பத்திரியில மனுஷங்க காத்துக்கிட்டிருக்காங்க. வேணும்னா நானே குழாய்ல காதை வச்சு எவ்வளவு அழுத்தம்னு சொல்லிடறேன்."

இயக்குநர் மெல்லத் தலை நிமிர்ந்தார்.

"காதை வச்சே சொல்லிடுவீங்களா?"

"சொல்லிடுவேங்க."

"இந்த ஆள் வாரியத்துல ஏற்கெனவே இருக்காரு இல்லையா?" என்று இயக்குநர் மேஜையைப் பார்த்துக் கேட்டார்.

"இருபத்திரண்டு வருஷமா இருக்கார் சார்" என்றார் யாரோ.

"சென்சார் உள்ளேயே இருக்கு. தனிப் பெட்டி கிடையாது. தனிக் கை கிடையாது, ரெண்டு கை கூடவே வந்திருக்கு. துளை?"

நிபுணர் எழுந்து வந்து சொட்டின் தலையை ஒரு பக்கம் திருப்பிப் பார்த்தார். மறுபக்கமும் திருப்பினார். "துளை ரெண்டு இருக்கு சார். ஆனா கசியலை."

"இதைத்தான்யா ஆறாவது தொகுதியில எழுதியிருக்கோம்" என்றார் இயக்குநர். "இருக்கிற பாகத்துக்குள்ளேயே உணரியை ஒருங்கிணைக்கிறதுன்னு. எழுதும்போது எங்களுக்கே அர்த்தம் புரியலை. இன்னைக்குத்தான் புரியுது."

சொட்டை ஆய்வகத்துக்குக் கூட்டிப்போய்ப் பத்துக் குழாய்களில் காது வைக்கச் சொன்னார்கள். பத்தும் சரி. ஜலதோஷம் பிடித்தால் எப்படி என்று பார்க்க மிளகுப்பொடி தூவித் தும்மவைத்தார்கள். அப்போது ஒன்று தப்பானது. 'சளி இல்லாத இடத்தில் வைக்கவும்' என்று குறித்துக்கொண்டார்கள். பிறகு ஒரு கற்றைக் காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள்.

சொட்டு பேனாவை வாங்கிக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார். "நான் போட்டுட்டா, அந்த நூத்துப் பதினெட்டையும் எடுத்துடுவீங்களா?"

"பின்னே? நீங்க இருக்கும்போது அதெல்லாம் எதுக்கு?"

சொட்டு படிக்காமல் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.

வாக்குப் பிசகாமல் மூன்றே நாளில் கொட்டகை உட்பட எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். சொட்டு துளைகளை அடைத்தார். குடைந்த பித்தளை மூடியை அதன் இடத்தில் திருப்பி முடுக்கினார். வெறும் மூடிதானே என்று பச்சைப் பதிவேட்டில் எழுதியதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எட்டு மெஷினும் ஓடத் தொடங்கின. மணிக்கொரு தடவை மூடி சொல்கிற அளவைச் சொட்டு தன் காதால் கேட்டதாகத் தலைமை அலுவலகத்துக்குச் சொல்லவேண்டியது. அவ்வளவுதான் வேலை.

முதல் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் வீட்டுக்குக் கிளம்பியபோது வாரிய வண்டி வந்து நின்றது.

"உபகரணம் வேலை முடிஞ்சா ஸ்டோருக்குத் திரும்பணும்" என்றார் டிரைவர். "கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

ஸ்டோர்க்காரர் சொட்டைச் சிவப்புப் பதிவேட்டில் ஏற்றினார். சட்டைப் பொத்தானில் எண் எழுதிய தகடு ஒன்றைக் கம்பியால் கட்டினார். ரப்பர் வளையங்களுக்கும் பழைய மீட்டர்களுக்கும் நடுவில், மூன்றாவது அலமாரியில் ஓரிடத்தைத் துடைத்துக் கொடுத்தார். தகட்டில் 'வெயில் படாமல், நிமிர்ந்த நிலையில் வைக்கவும்' என்றிருந்ததால் படுக்க முடியாது. உட்காரலாமா என்பதற்கு அரைமணி நேரம் விதியைப் புரட்டி, 'மடக்கத்தக்க பாகங்களை மடக்கி வைக்கலாம்' என்ற வரியைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். டீயும் வாங்கிக் கொடுத்தார். அதை 'எண்ணெய் இடுதல்' என்று எழுதிக்கொண்டார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார். "ஆளா இருந்தா கேன்டீனுக்கு அனுப்பியிருப்பேன்."

"ஒரு நாள் லீவு கிடைக்குமாங்க?"

"பாகத்துக்கு லீவு கிடையாது. பழுதுன்னா ஒதுக்கி வைக்கலாம். ஆனா ஒதுக்கினா உடைச்சு எடைக்குப் போட்டுடுவாங்க. நான் சொல்றேன், நல்லாவே இருங்க."

மூன்றாம் நாள் காலையில் மனைவி ஊழியர் பிரிவுக்கு வந்தாள். அங்கிருந்த எழுத்தர் பட்டியலை இரண்டு முறை பார்த்துவிட்டு, அப்படி ஓர் ஊழியர் கிடையாது என்றார். இருபத்திரண்டு வருஷமாக இருந்தாரே என்றாள். இருந்திருக்கலாம், இப்போது உபகரணம் ஆகிவிட்டார், அது பதவி உயர்வு மாதிரிதான், நீங்கள் பெருமைப்பட வேண்டும் என்றார் அவர். அவள் பெருமைப்படவில்லை. நேராகத் தரைத்தளத்துக்கு இறங்கினாள்.

வாரிய வண்டி பழுதானதால் அன்றைக்குக் குழிக்குப் போகாமல், ஸ்டோரின் கம்பிவலை ஜன்னலுக்கு அந்தப் பக்கம், மூன்றாவது அலமாரியில் மடக்கி வைக்கப்பட்டிருந்த சொட்டு தெரிந்தார். அவளைப் பார்த்ததும் கையைச் சட்டையில் துடைத்தார்.

"சாப்பிட்டீங்களா?"

"எண்ணெய் விட்டாங்க" என்றார் சொட்டு. "வாத்தியார் எப்படி இருக்கார்?"

"வீக்கம் வடிஞ்சிருக்கு. நேத்துக் குறிப்பேட்டுல மூணு தப்பு கண்டுபிடிச்சார்." ஸ்டோர்க்காரரைப் பார்த்துத் திரும்பினாள். "ஐயா, இவரை நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"கூட்டிட்டுப் போறதுன்னு எதுவும் இங்க இல்லையேம்மா. பெற்றுச்செல்றதுதான் இருக்கு. அதுக்குத் தேவைப்பட்டியல் வேணும். தனி ஆளுக்குத் தர முடியாது." பிறகு அவளுடைய வெள்ளை உடுப்பைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மறுபடியும் பார்த்தார். "ஆனா ஆஸ்பத்திரின்னா முன்னுரிமை உண்டு. குழாய்க்கு உதிரிபாகம் வேணும்னு எழுதிட்டு வந்தா, நான் இல்லைன்னு சொல்ல முடியாது."

ஆஸ்பத்திரியில் குழாய் வேலைக்கு ஆள் இல்லாமல் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கண்காணிப்பாளர் முழுவதும் கேட்டுவிட்டு, சிரிக்காமல் கையெழுத்துப் போட்டார். வாரியத்தோடு அவருக்கும் பல வருஷப் பழக்கம். மத்தியானத்துக்குள் அவள் காகிதத்தோடு ஜன்னலுக்குத் திரும்பி வந்தாள்.

ஸ்டோர்க்காரர் வாய்விட்டுப் படித்தபடியே நிரப்பினார். "பொருள், அழுத்த உணரி, ஒருங்கிணைந்தது. எண்ணிக்கை ஒண்ணு. புதுசா, உபயோகிச்சதா?"

"உபயோகிச்சது."

"பரிசோதிச்சுப் பார்த்து எடுத்துக்கோங்க. அப்புறம் குறை சொல்லிக்கிட்டு வரக்கூடாது."

"பத்தொன்பது வருஷமா பார்த்துட்டேன்."

"கடைசியா ஒண்ணு." பேனா நின்றது. அவர் அவளை நேராகப் பார்த்தார். "திருப்பித் தரவேண்டிய பொருளா எழுதட்டுமா, செலவுப் பொருளா எழுதட்டுமா? திருப்பித் தர்றதுன்னா ஏழு நாள். செலவுப் பொருள்னா, பஞ்சு, சோப்பு மாதிரி. போனது போனதுதான். கேக்க மாட்டோம்."

அவள் அலமாரியைப் பார்த்தாள். சொட்டு தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

"செலவுப் பொருள்னே எழுதுங்க" என்றாள்.

முத்திரை விழுந்தது. தகடு மட்டும் திருப்பித் தரவேண்டியது என்பதால், ஸ்டோர்க்காரரே வெளியே வந்து சொட்டின் பொத்தானிலிருந்து கம்பியை அவிழ்த்துக்கொண்டார். இரண்டு இரவு மடங்கியிருந்த முழங்கால்கள் நிமிர மறுத்தன. அவள் தோளைக் கொடுத்தாள்.

வெளிவாசலில் காவலாளி பொருள் வெளியேற்றச் சீட்டைக் கேட்டார். அவள் நீட்டினாள். அவர் சீட்டைப் படித்துவிட்டுப் பொருளை மேலும் கீழும் பார்த்தார்.

"பார்சல் கட்டலையாம்மா?"

"பரவாயில்லை. கையிலேயே பிடிச்சுக்கிட்டுப் போயிடறேன்" என்றாள் அவள்.